இடது மேல் கையில் நாலு சுற்று

எந்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் அவன் முதலில் கேட்பது ஒன்றுதான். "இதுல நான் கை வச்ச எடம் உண்டா?"

உண்டு என்றால் நேரே அங்கேதான் போவான். ஒருமுறை ஒரு ஆட்டோக்காரர் பிரேக் பிடிக்கவில்லை என்று வந்தார். அந்த ஆட்டோவின் மேல் கேரியரை இரண்டு வருடத்துக்கு முன்பு வெல்டிங் செய்து கொடுத்தது இவன். பிரேக்கை விட்டுவிட்டு, ஸ்டூலைப் போட்டு ஏறி, கேரியரின் ஒவ்வொரு ஒட்டையும் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டான். ஆட்டோக்காரர் என்னைப் பார்த்தார். "எனக்கு வயிற்று வலி சாரே, இவன் தலையில பேன் பாக்குதான்" என்றார். அவன் இறங்கி வந்து, "கேரியர்ல ஒண்ணும் இல்ல. இனி மிச்சம் உள்ளத பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தான்.

பாறசாலையிலிருந்து காரோட்டுக்குப் போகும் சாலையில் அவனுடைய பட்டறை இருந்தது. கேட், கிரில், ஆட்டோ வேலை, கிணற்றுக்கு இரும்பு மூடி, எல்லாம் செய்வான். நானும் அவனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். பிறகு நான் எஞ்சினியரிங் படிக்கப் போனேன், அவன் வெல்டிங் கற்கப் போனான். என்னை "எஞ்சினியரே" என்று கூப்பிடுவான். அதில் பாதி கேலி, பாதி பெருமை.

அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவன் பெயரை ஒருமுறை நான் கெடுத்தாயிற்று. மறுபடி அதை எடுத்துக் கையாள எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

முதலில் தன் வேலையைப் பார்க்கும் இந்தப் பழக்கத்தைப் பணிவு என்று நினைத்துவிட வேண்டாம். பணிவெல்லாம் அவனிடம் மருந்துக்கும் கிடையாது. "வெள்ளறடையில இருந்து காரோடு வரைக்கும் எனக்க வெல்டிங் ஒண்ணு விட்டிருந்தா காட்டு, அன்னைக்கு நான் மீசைய எடுக்கேன்" என்பான். ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் கவலை இல்லாமல் நடப்பான். டேப்பை ஒரு அங்குலம் தள்ளிப் பிடித்து அளப்பவனைப் பார்த்தால் காது கூசும்படித் திட்டுவான். தன் வேலையை முதலில் சோதிப்பது அவனுக்கு ஒரு கணக்குமுறை.

"எனக்கத நான் பாத்து முடிச்சிட்டா, பெறவு மிச்சம் இருக்கது அடுத்தவன்க்கதாக்கும்" என்று ஒருநாள் விளக்கினான். "அடுத்தவன்க்க பெழைய முதல்ல தேடப் போனா நாள் முழுக்க தேடிட்டு இருக்கணும். எனக்க பெழன்னா எங்க இருக்கும்னு எனக்குத் தெரியும்லா?"

ஆனால் ஊருக்கு இந்தக் கணக்கு புரியவில்லை. வெள்ளறடைப் பக்கம் ஒரு வீட்டில் அவன் போட்ட பெரிய கேட் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு தரையில் இழுபட ஆரம்பித்தது. வீட்டுக்காரர் கூப்பிட்டுவிட்டார். இவன் போய் நின்றதும் எல்லார் முன்னாலும் சொன்னான், "கீல் எனக்கதாக்கும். முதல்ல அத பாக்கட்டு." கீலைக் கழற்றிப் பார்த்தான், ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்ற பலாமரத்தின் வேர் தூணின் அடியைத் தள்ளியிருந்தது. அதையும் சொன்னான். ஆனால் அதற்குள் வீட்டுக்காரர் உள்ளே போய்விட்டார். அடுத்த வாரம் சந்தையில் பேச்சு இப்படி இருந்தது: "கேட் பெழதான், அவனே ஒத்துக்கிட்டான்."

நான் அவனிடம் சொன்னேன், "எலே, நீ முதல் பாதிய சத்தமா சொல்லுற. பின்பாதிய கேக்க யாரும் நிக்கதில்ல."

"கேக்காம போறவன்க்க பெழைக்கு நான் எந்தா செய்ய?" என்றான். இருவரும் சிரித்தோம்.

அந்த முதல் பாதிக்குள்தான் பிற்பாடு நான் போய் ஒளிந்துகொண்டேன்.

எங்களோடு மூன்றாவதாக ஒருவன் உண்டு. பினு என்று வைத்துக்கொள்வோம். பினுவுக்கு வண்டிப் பைத்தியம். அவன் மாமாவுக்கு வெள்ளறடையைத் தாண்டி ரப்பர்த் தோட்டம். ஒரு வருடம் பால் வற்றிப்போன பழைய மரங்களை வெட்டி விற்றுவிட்டு, புதிய கன்றுக்காகத் தோட்டத்தை மொட்டையாக விட்டிருந்தார்கள். இடையில் கொஞ்ச இடத்தில் மரச்சீனி, அதாவது மரவள்ளி, நட்டிருந்தார்கள். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய தட்டுகள், நடுவே வண்டி போகும் பாதை, அங்கங்கே திருப்பங்கள். பினு அதைப் பார்த்துவிட்டு, "மக்கா, இது ரேஸ் ட்ராக் ஆக்கும்" என்றான். அடுத்த மாதம் இரண்டு பழைய பந்தயக் குவாடுகளைக் கொண்டுவந்து இறக்கினான்.

குவாடு என்றால் நாலு சக்கர பைக். உட்காரும் விதமும் கைப்பிடியும் பைக்கில் இருப்பதுபோல. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் இரண்டு. முன்சக்கரம் ஒவ்வொன்றையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று முக்கோண வடிவில் இரண்டு இரும்புச் சட்டங்கள் பிடித்திருக்கும். நாங்கள் அவற்றை மேல் கை, கீழ் கை என்போம். நடுவே ஸ்பிரிங் போட்ட ஷாக். பந்தயத்தில் வண்டி குதிப்பதும் விழுவதும் திரும்புவதும் எல்லாம் இந்தக் கைகளின் தயவில்தான்.

இந்தக் கைகளை அமைப்பதில் இரண்டு விதம் உண்டு, பினு கொண்டுவந்த வண்டிகளில் விதத்துக்கு ஒன்று. ஒன்றில் ஷாக் குட்டை. ஆள் ஏறினாலும் முன்பக்கம் அதிகம் தாழாது. திருப்பத்தில் வண்டி படிந்து போகும், ஆனால் குழியில் சக்கரம் அந்தரத்தில் நிற்கும், உயரத்திலிருந்து விழுந்தால் ஓட்டுபவனின் கைமூட்டு வரை அடிக்கும். இன்னொன்று லாங் டிராவல். ஷாக் நீளம், மேலே உயர்த்திக் கட்டியிருக்கும். ஆள் ஏறி உட்கார்ந்ததுமே முன்பக்கம் கணிசமாகத் தாழ்ந்துவிடும். அப்படித் தாழ்வது குறை இல்லை, சூட்சுமமே அதுதான். குழி வந்தால் சக்கரம் அந்த மிச்சத்தில் இறங்கித் தரையை விடாமல் போகும். ஆனால் திருப்பத்தில் வண்டி சாயும். என் மடிக்கணினியில் இவற்றுக்கு வரைபடங்களும் வளைகோடுகளும் வைத்திருந்தேன். அவன் அவற்றை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஒண்ணு முட்ட மடக்காம நடக்கவன், மத்தவன் கொஞ்சம் குனிஞ்சே நடக்கவன்" என்றான். நான் இருபது பக்கத்தில் எழுதியது அவ்வளவுதான்.

எது நல்லது என்று பார்க்க மரச்சீனித் தோட்டத்துக்குப் போனோம். மரச்சீனிக்கு மண்ணை வரிசையாகக் குவித்து நடுவார்கள். இரண்டடிக்கு ஒரு மேடு, மேட்டுக்கு மேடு பள்ளம். பந்தயப் பாதையில் தொடர்மேடு கட்ட வேறு இடங்களில் இயந்திரம் கொண்டுவருவார்கள், எங்களுக்கு அது தயாராக முளைத்துக் கிடந்தது. இவன் பழைய சைக்கிள் டியூபிலிருந்து மெல்லிய வளையங்கள் வெட்டி ஒவ்வொரு ஷாக்கின் தண்டிலும் மாட்டினான். வண்டி ஓடி வந்து நின்றதும் வளையம் எவ்வளவு தள்ளப்பட்டிருக்கிறதோ அவ்வளவு ஷாக் அமுங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஒரே பினு, ஒரே வேகம், ஒரே வரிசை, இரண்டு வண்டி. மூன்றாம் நாள் பினுவின் மாமா வந்து பார்த்தார். "கிழங்கெல்லாம் சதச்சுப் போட்டியளே சவங்களே" என்று அவர் கத்த, இவன் உடனே, "வரிச காட்டினது நானாக்கும் மாமா" என்று முன்னால் போய் நின்றான். அன்று மாலை மூவருமாக மண்ணை வாரி மேடுகளைச் சரிசெய்தோம்.

அவன் முடிவு இதுதான்: மேட்டில் லாங் டிராவல் ஜெயிக்கும், திருப்பத்தில் குட்டை ஷாக் ஜெயிக்கும். "இந்தத் தோட்டத்துல மேடு கொறவு, திருப்பம் கூடுதல். பினுவுக்குக் குட்ட போதும், ஸ்பிரிங்க கொஞ்சம் எளக்கம் ஆக்கினா போதும்" என்றான்.

எனக்கு அது பிடிக்கவில்லை. குட்டை ஷாக் என்றால் நான் வரைய ஒன்றுமில்லை. நீள ஷாக் போட்டு வந்த வண்டியின் கைகள் பழையவை, ஆடிப்போனவை. லாங் டிராவல் என்றால் கைகளைப் புதிதாகச் செய்ய வேண்டும், அவற்றை மாட்ட வண்டியின் உடற்சட்டத்தில் புதிய பிடிகள் வைக்க வேண்டும், எல்லாம் என் வரைபடத்தின்படி. பினுவுக்கும் உயரமான ஷாக்கின் தோற்றம் பிடித்திருந்தது. இரண்டுக்கு ஒன்று என்று தீர்மானமாயிற்று. அவன் முகம் சுளிக்கவில்லை. "செரி, நீளம்னா நீளம். செய்யது ஒழுங்கா செய்வோம்" என்றான். பிறகு அவன் செய்த கைகளை நான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அப்படி ஒரு வெல்டிங் வரிசையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

மேல் கையின் நுனியில் மரை போட்ட ஒரு மூட்டு திருகி உள்ளே போகும். அதைச் சுற்றிச் சுற்றி உள்ளே விட்டால் சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாயும், வெளியே எடுத்தால் நிமிரும். ஆனால் வெளியே எடுக்க ஓர் எல்லை உண்டு. உள்ளே போதுமான மரை பிடித்திருக்க வேண்டும். அந்த எல்லையில் அவன் ஒவ்வொரு கையிலும் ஒரு சின்னத் துளை போட்டான். துளையில் கம்பியை விட்டால் மூட்டின் மரையில் முட்ட வேண்டும். முட்டாமல் கம்பி மறுபக்கம் போனால் மூட்டு ஆபத்தான அளவுக்கு வெளியே வந்துவிட்டது. "கம்பி போச்சுன்னா வண்டி எடுக்காண்டாம். மேல் கைய தொட்டா எனக்கிட்ட சொல்லணும்" என்று என்னிடமும் பினுவிடமும் தனித்தனியாகச் சொன்னான்.

சட்டத்தில் பிடிகளின் இடத்தைக் குறித்தது நான். அங்கேதான் முதல் தவறு. தோட்டத்திலேயே, ஒரு தட்டின்மேல் வண்டியை நிறுத்தி, தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, கீழ்ப்பிடிக்கு நேர்மேலே மேல்பிடியைக் குறித்தேன். "தரை சமந்தானே?" என்று அவன் கேட்டான். "சமந்தான்" என்றேன். ரப்பர்த் தட்டு சமமாக இருக்காது. மழைநீர் ஓடிவிடாமல் நிற்பதற்காக மலைப்பக்கம் சற்றுச் சரித்துத்தான் வெட்டுவார்கள். எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து அதன்மேல் நடந்தவனுக்கு அது சமதரையாகத் தெரியும். வெளியூர்க்காரன் ஒருவன் வந்து நின்றிருந்தால் கால் சொல்லியிருக்கும். எனக்குச் சொல்லவில்லை.

ஓணம் விடுமுறையில் பந்தயம். பக்கத்து ஊர்களிலிருந்து பத்துப் பதினைந்து வண்டிகள் வந்திருந்தன. காலையில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரைக்கு முன்னால், சிமென்ட் தளத்தில் வண்டியை நிறுத்தினேன். வண்டி முதன்முதலாக உண்மையான சமதரையில் நின்றது அன்றுதான். இடது சக்கரம் உள்ளே சாய்ந்து நின்றது, கண்ணுக்குத் தெரியும்படி. பார்த்த மாத்திரத்தில் காரணமும் புரிந்துவிட்டது. தட்டின் சரிவு, தூக்குக்குண்டு, என் பென்சில் கோடு.

சரியான வழி பிடியை அறுத்தெடுத்து இடம் மாற்றி வெல்டிங் செய்வது. அரைநாள் வேலை. அதற்கு அவனைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் தரை சமமில்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அவன் அப்போது கீழே பாதை ஓரம் டயர்களை அடுக்கிக்கொண்டிருந்தான், கூப்பிடு தூரம்தான். நான் ஸ்பேனரை எடுத்து இடது மேல் கையின் மூட்டை வெளியே எடுத்தேன். ஒரு சுற்று, இரண்டு, மூன்று, நாலு. சக்கரம் நிமிர்ந்தது. துளையில் கம்பியை விட்டுப் பார்த்தேன். மறுபக்கம் வந்தது. ஒரு பந்தயம்தானே, நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். நட்டை இறுக்கினேன். பிறகு, இதை எழுத வெட்கமாக இருக்கிறது, விரலில் கிரீஸ் எடுத்து அந்தத் துளையில் அப்பினேன். தெரியாமல் செய்த பிழை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியாதபடிச் செய்தது அந்தக் கிரீஸ்தான்.

மூன்றாவது சுற்றில் பினு மேல்தட்டிலிருந்து குதித்து இறங்கினான். இடது சக்கரம் மடங்கியது. வண்டி அவன்மேல் உருண்டது. நாங்கள் ஓடிப் போனபோது பினுவின் இடது கால் முட்டு கைப்பிடிக்கு அடியில் இருந்தது. அவன் கத்தவில்லை. "தூக்கு, தூக்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜீப் பினுவை ஏற்றிக்கொண்டு போனதும் எல்லோரும் அந்த வண்டியைச் சுற்றி நின்றார்கள். பினுவின் அப்பா நின்றார், மாமா நின்றார், வந்தவர்கள் எல்லாரும் நின்றார்கள். "எப்படிடே ஒடிஞ்சு?" என்று அப்பா கேட்டார். அவர் கேட்டது எங்கள் இருவரையும் பார்த்து. அவன் வண்டியின் மடங்கிக் கிடந்த மேல் கையைத் தொட்டுக்கொண்டே சொன்னான்.

"எனக்க வேலையாக்கும். முதல்ல எனக்க வெல்டிங்க பாக்கட்டு."

அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார். கூட்டத்தில் யாரோ, "கேட்டியளா, அவனே சொல்லிட்டான்" என்றார்கள். அவன் சொன்னதன் அர்த்தம் என்னவென்று அந்த இடத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். ஒரு வாக்கியம் போதும். "வெல்டிங் இல்ல, நான் மூட்ட எளக்கினேன்." வாய் வரைக்கும் வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். வாய்க்கு அருகில்கூட வரவில்லை. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதுதான் இத்தனை வருடமாக என்னை அரிப்பது.

எங்கள் வீட்டுக்கு ஊரில் ஒரு மதிப்பு உண்டு. தாத்தா திருவிதாங்கூர்க் கச்சேரியில் குமாஸ்தா, அப்பா நெய்யாற்றின்கரையில் வக்கீல், நான் எஞ்சினியர். பட்டம் என் கையில், வெல்டிங் கம்பி அவன் கையில். யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். தோளில் ஒரு உரச்சாக்கு. கார் நிறுத்தும் இடத்தில் அதைக் கவிழ்த்தான். இடது மேல் கை, துண்டு துண்டாக. ஒவ்வொரு வெல்டிங்கையும் நடுவில் அறுத்துத் திறந்திருந்தான். தான் செய்த அந்த அழகான வரிசையை ஒன்று விடாமல் அறுத்திருந்தான். உள்ளே எல்லாம் முழுதாக, ஒரு பொடி ஓட்டைகூட இல்லாமல் பிடித்திருந்தது.

"எனக்க வேலை எல்லாம் பாத்தாச்சு" என்றான். "ஒண்ணும் இல்ல. மரை பிச்சிட்டு வந்திருக்கு."

பிறகு என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. காத்திருந்தான். அம்மா உள்ளேயிருந்து, "யாராக்கும் வந்திருக்கது? காப்பி போடட்டா?" என்று கேட்டாள். நான் குனிந்து ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"பைப்பு மட்டமா இருக்கும்" என்றேன். "மெட்டீரியல் சரியில்லன்னா மரை பிடிக்காது."

பைப் வாங்கி வந்தது அவன். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை.

அவன் அந்தத் துண்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "இருக்கும்" என்றான். துண்டுகளைச் சாக்கில் அள்ளினான். "அம்மா, காப்பி பெறவு ஒரு நாள் குடிக்கலாம்" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான். அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு அவன் வரவில்லை.

பினுவுக்கு இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்தது. முட்டு மடங்காமல் நின்றுவிட்டது. பட்டறைக்கு ஆள் வருவது குறைந்தது. ஒரு கல்யாண வீட்டில் நாற்காலி ஒன்று உடைந்தபோது, "இது அவன் ஒட்டினதா?" என்று ஒருவர் கேட்க, பந்தலே சிரித்தது. நானும் அந்தப் பந்தலில் இருந்தேன். சிரிக்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் பல் தெரிந்தது. இரண்டாவது வருடம் அவன் பட்டறையைப் பூட்டிவிட்டு வளைகுடாவில் ஒரு கப்பல் கட்டும் தளத்துக்கு வெல்டராகப் போனான்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல வேலை கிடைத்தது. மாணவர்கள் தாங்களே குவாடு செய்து போட்டிக்குக் கொண்டுவரும் கல்லூரிகளில் என்னை நடுவராகக் கூப்பிடுகிறார்கள். முன்சக்கர அமைப்புகளை ஒப்பிட்டுப் பேசச் சொன்னால் ஒரு மணி நேரம் பேசுவேன். குனிஞ்சே நடக்கவன், முட்ட மடக்காதவன் என்ற அவன் உவமையை என்னுடையதுபோலச் சொல்வேன், பிள்ளைகள் கைதட்டுவார்கள். சட்டைப்பையில் ஒரு கம்பித்துண்டு வைத்திருப்பேன். இந்த வருடம் ஒரு பெண்பிள்ளைகள் அணியின் வண்டியில் கம்பி மறுபக்கம் வந்தது. வண்டியை ஓட்டக்கூடாது என்று நிறுத்தினேன். அணித்தலைவி அழுதுமுடித்துவிட்டு வந்து கேட்டாள், "சார், இத எங்க படிச்சீங்க? எங்க புத்தகத்துல இல்லியே."

"எனக்க ஒரு கூட்டுக்காரன் சொன்னது" என்றேன்.

"அவரு இப்ப எங்க சார்?"

அவளுக்கு முன்னால் நின்று கண்டித்த அதே தவறைச் செய்தவன் நான், அதை அவளிடம்கூடச் சொல்லாமல் காருக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். அந்த வெள்ளிக்கிழமை, அவனுக்கு விடுமுறை நாள் என்று கேட்டறிந்து, பழைய வகுப்புத் தோழர் ஒருவரிடம் எண் வாங்கி, மதியம் கூப்பிட்டேன்.

"எலே எஞ்சினியரே! நீயா?" என்றான். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். நலம் விசாரித்தால் பேச்சு அதோடு நின்றுவிடும் என்று பயந்து நேரே சொன்னேன்.

"அன்னைக்குக் காலையில இடது மேல் கைய நாலு சுத்து வெளிய எடுத்தது நானாக்கும். ஓட்டையில கிரீஸ் அப்பினதும் நான்தான்."

பின்னால் நின்றவரிடம் தண்ணீரை நிறுத்தச் சொன்னான்.

"நாலா?" என்றான். "நான் மூணுன்னாக்கும் வச்சிருந்தேன். பிச்ச மரைய எண்ணித்தான் பாத்தேன். ஒண்ணு விட்டுப் போச்சு போல. எண்ணுனது எனக்க பெழதான்."

அவன் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே ஒரு எண்ணைத் திருத்திக்கொண்டிருந்தான். நான் படியில் உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சும் ஏன்லே யாருட்டயும் சொல்லல?"

"சாக்க கொண்டுவந்து ஒனக்க முன்ன கொட்டினேன்லா? அதுக்கு மேல நான் எந்தா செய்ய? எனக்கத நான் பாத்துட்டேன். ஒனக்கத நீதான பாக்கணும்."

"என்ன மன்னிச்சிருலே."

"எனக்கிட்ட எதுக்கு கேக்குற?" முதன்முறையாக அவன் குரல் கொஞ்சம் ஏறியது. "எனக்க வெல்டிங் பெழ இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நான் உறங்கிட்டுத்தான் இருக்கேன். கால் போனது பினுவுக்கு. அவன் இத்தன வருசமா எனக்க கைவேலையாலதான் கால் போச்சுன்னு நெனச்சிட்டு இருக்கான். அவன்ட்ட சொன்னியா?"

"இல்ல."

"அப்ப முதல்ல அங்க போ. பெறவு எனக்கு விளி."

வைத்துவிட்டான். அது நடந்து நாலு மாதம் ஆகிறது. நான் மறுபடி அவனைக் கூப்பிடவில்லை, கூப்பிட முடியாது. பினு கடல் கடந்து எங்கேயும் இல்லை. நெய்யாற்றின்கரை போகும் சாலையில் டயர் கடை வைத்திருக்கிறான். வாரத்தில் இரண்டு நாள் அந்த வழியாகத்தான் போகிறேன். என் காரைப் பார்த்தால் கை காட்டி நிறுத்துவான். மடங்காத காலை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு, பக்கத்துக் கடையிலிருந்து எனக்குப் போஞ்சி வாங்கித் தருவான், எலுமிச்சம்பழம் இரண்டு பங்காகப் பிழியச் சொல்லி. சில நாள் பழைய கதை வரும். "பாவம், அவன நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். பெழய ஒத்துக்கிட ஒரு மனசு வேணும்லா மக்கா" என்பான். நான் தம்ளரைக் காலிசெய்துவிட்டு, "வாறேன்" என்று கிளம்பிவிடுவேன்.

பினுவிடம் சொல்ல முடியாததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்து இதை எழுதினேன். அச்சில் வந்தால் அவன் எப்படியும் தெரிந்துகொள்வான், நேரில் முகம் பார்க்க வேண்டியதில்லை என்றுதான் தொடங்கும்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் பினு படித்தது முழுக்க மலையாளப் பள்ளிக்கூடத்தில். நம்மைப்போலத் தமிழ் பேசுவான், தமிழில் ஓர் எழுத்துகூட அவனுக்கு வாசிக்கத் தெரியாது. எனக்கு இரண்டு மொழியும் எழுத வரும். தமிழில்தான் எழுதியிருக்கிறேன்.